வேர் இருக்கும் இடம் கிருமிக்கு எப்படித் தெரிகிறது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் கத்திரி, தக்காளி, மிளகாய் என்று ஏதாவது ஒரு பாத்தி இருக்கும். பாத்தி வைத்திருக்கும் எல்லாருக்கும் இந்த நோய் தெரியும்: நேற்று வரை நன்றாக நின்ற தக்காளிச் செடி, இலை பச்சையாக இருக்கும்போதே, இன்று தலை தொங்கிக் கிடக்கும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் எழாது. அந்தச் செடியின் அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, வெட்டுவாய் மட்டும் முங்கும்படி கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் பிடித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் தண்டிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் கீழே இறங்கும். அந்த நூல் முழுக்க முழுக்க பாக்டீரியா. ரால்ஸ்டோனியா சொலனேசியேரம் என்பது அதன் பெயர். வேர் வழியாக உள்ளே போய், தண்ணீர் ஏறும் குழாய்களில் பெருகி அடைத்துக்கொள்ளும்.

இதைச் செய்துகாட்டியபோது பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்டார்: "அது சரிய்யா, மண்ணுக்குள்ள கிடக்கிற கிருமிக்கு வேர் இந்தப் பக்கம் இருக்குன்னு யாரு சொன்னது?"

மிகச் சரியான கேள்வி. வேர்தான் சொல்கிறது. உயிருள்ள எந்த வேரும் சர்க்கரை, அமினோ அமிலம், கரிம அமிலம் என்று எதையாவது மண் ஈரத்தில் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். வேரை ஒட்டி அது கெட்டியாக இருக்கும், தள்ளிப் போகப் போக நீர்த்துவிடும். பாக்டீரியா அந்த ஏற்ற இறக்கத்தை உணர்ந்து, கெட்டியான பக்கமாக நீந்தி வருகிறது. இதற்கு வேதிநாட்டம் என்று பெயர். ரால்ஸ்டோனியாவுக்கு இது எவ்வளவு தேவை என்பதை 2006-இல் வெளியான ஓர் ஆய்வு நேராகக் காட்டியது. நன்றாக நீந்தும், ஆனால் வேதிப்பொருளைத் தேடிப் போக முடியாது என்று மாற்றப்பட்ட பாக்டீரியாவை மண்ணில் ஊற்றினார்கள். தக்காளிக்கு நோய் குறைந்தது. அதே பாக்டீரியாவை நேராகத் தண்டுக்குள் ஏற்றினார்கள்; வழக்கம்போலச் செடி வாடியது. கிருமியின் வீரியம் அப்படியேதான் இருந்தது. வழி தெரியாமல் போனது மட்டும்தான் வித்தியாசம்.

சரி, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு நீளமுள்ள, மூளையோ நரம்போ இல்லாத ஓர் உயிரணு இதை எப்படிச் செய்கிறது? உணர்வதற்கென்று புரதங்கள் இருக்கின்றன என்று எந்தப் பாடநூலும் ஒரு வரியில் சொல்லிவிடும். எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. அந்தப் புரதங்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தில்தான் முழு ஆச்சரியமும் இருக்கிறது. தனித்தனியாகச் சிதறிக் கிடந்தால் மந்தமாக வேலை செய்யக்கூடிய அதே புரதங்கள், சரியான ஒழுங்கில் சேர்ந்து நிற்பதால் கூர்மையான ஓர் உணர்கருவியாகிவிடுகின்றன.

இந்தத் துறையில் இன்று தெரிந்திருப்பதில் பெரும்பகுதி ஈ.கோலி என்ற பாக்டீரியாவை வைத்துக் கண்டறிந்தது. நம் குடலில் இருப்பதுதான். அதன் பெரும்பாலான வகைகள் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. இனி நான் சொல்லப்போவதும் பெரும்பாலும் அதைப் பற்றியே.

திசை திருப்பத் தெரியாத நீச்சல்

ஈ.கோலியின் நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். உடம்பைச் சுற்றிச் சில கசையிழைகள் இருக்கும். ஒவ்வோர் இழையின் அடியிலும் சுழலும் மோட்டார் ஒன்று, புரதங்களால் ஆனது, உயிரணுச் சுவரில் பதிந்திருக்கும். மோட்டார்கள் எல்லாம் இடஞ்சுழியாகச் சுற்றும்போது இழைகள் ஒரு கட்டாகச் சேர்ந்து, பாக்டீரியாவை நேராகத் தள்ளும். ஒன்றோ சிலவோ வலஞ்சுழிக்கு மாறினால் கட்டு பிரியும். பாக்டீரியா அதே இடத்தில் உருண்டு புரளும். மறுபடி கட்டு சேரும்போது அது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கம் போகும். ஓட்டம் ஏறக்குறைய ஒரு விநாடி, புரளல் அதில் பத்தில் ஒரு பங்கு. ஹோவர்டு பெர்க் என்ற அமெரிக்க இயற்பியலாளர், நீந்தும் ஒற்றைப் பாக்டீரியாவை முப்பரிமாணத்தில் விடாமல் பின்தொடரும் நுண்ணோக்கி ஒன்றைத் தானே கட்டி, 1972-இல் இந்த ஓட்டத்தையும் புரளலையும் அளந்து வெளியிட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது: பாக்டீரியாவுக்கு இடது வலது என்று திரும்பத் தெரியாது. அதன் கையில் இருப்பது ஒரே ஒரு முடிவு. இப்போது புரளலாமா, இன்னும் கொஞ்சம் ஓடலாமா? போகும் வழியில் உணவு கூடிக்கொண்டே வந்தால் புரளலைத் தள்ளிப்போடுகிறது. அவ்வளவுதான். நல்ல திசையில் ஓட்டம் நீள்வதால், மொத்தக் கணக்கில் அது உணவிருக்கும் பக்கம் போய்ச் சேர்கிறது.

உணவு கூடுகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? தலைப்பக்கம் எவ்வளவு, வால்பக்கம் எவ்வளவு என்று ஒப்பிடும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் 2 மைக்ரோமீட்டர் தூரத்தில் வித்தியாசம் மிகச் சிறியது. மூலக்கூறுகளோ சதா அலைந்துகொண்டே இருப்பவை. 1972-இல் மேக்நாப், கோஷ்லாண்ட் இருவரும் அழகான ஒரு சோதனை செய்தார்கள். பாக்டீரியா நீந்தும் திரவத்தையும் உணவுப்பொருள் கரைந்த திரவத்தையும் சட்டென்று முழுதாகக் கலந்தார்கள். கலந்தபின் எல்லா இடத்திலும் செறிவு ஒன்றுதான். முன்னும் பின்னும் ஒப்பிட எதுவும் இல்லை. அப்படியிருந்தும் பாக்டீரியாக்கள் புரளாமல் நேராக ஓடின. சற்று முன்பு இருந்ததைவிட இப்போது அதிகம் என்பதை அவை உணர்ந்திருக்கின்றன. ஆக, பாக்டீரியா காலத்தில் ஒப்பிடுகிறது. கடந்த ஒரு விநாடி எப்படி, அதற்கு முந்தைய மூன்று விநாடி எப்படி என்ற அளவில் அதன் நினைவு நீள்கிறது. இதற்கு மேல் நீண்ட நினைவால் பயன் இல்லை: தண்ணீர் மூலக்கூறுகள் இடித்து இடித்துச் சில விநாடிகளில் அதன் திசையே மாறிவிடும்.

அப்படியானால் அதற்குள் இப்போதைய அளவை உணரும் ஒன்று வேண்டும். முந்தைய அளவை நினைவில் வைக்கும் ஒன்று வேண்டும். முடிவை மோட்டாருக்குக் கொண்டுபோகும் ஒன்றும் வேண்டும்.

புரதங்களும் அவற்றின் வேலையும்

உணர்பவை ஏற்பிகள். ஈ.கோலியிடம் ஐந்து வகை உண்டு. செரின் என்ற அமினோ அமிலத்துக்கு டிஎஸ்ஆர். அஸ்பார்ட்டேட்டுக்கும் மால்ட்டோஸ் சர்க்கரைக்கும் டார். ரைபோஸ், காலக்டோஸ் சர்க்கரைகளுக்கு டிஆர்ஜி. சிறு பெப்டைடுகளுக்கு டாப். ஆக்சிஜன் தொடர்பான மாற்றங்களுக்கு ஏயர். முதல் இரண்டும் எண்ணிக்கையில் மிக அதிகம்; மற்றவை குறைவு. இந்த ஏற்றத்தாழ்வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

உணர்வதும் உண்பதும் தனித்தனி வேலைகள் என்பதை 1969-இல் நிறுவியவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜூலியஸ் ஆட்லர். பாக்டீரியாவால் செரிக்க முடியாத சில பொருள்களும் அதை ஈர்த்தன. நன்றாகச் செரிக்கக்கூடிய சில பொருள்கள் ஈர்க்கவே இல்லை. ஆகவே உணவு உள்ளே போய்ச் சக்தியாக மாறிய பிறகு வரும் உணர்வு இது அல்ல. வாசலிலேயே அதை அடையாளம் காணும் புரதங்கள் இருந்தாக வேண்டும் என்றார் அவர். அந்தப் புரதங்களைத்தான் இப்போது ஏற்பிகள் என்கிறோம்.

ஓர் ஏற்பி நீண்டு மெலிந்த புரதம், 30 நானோமீட்டருக்கும் மேல் நீளம் (ஒரு நானோமீட்டர் என்பது மைக்ரோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உயிரணுவின் உள்சவ்வைத் துளைத்துக்கொண்டு நிற்கும். வெளிமுனை சர்க்கரையையோ அமினோ அமிலத்தையோ பிடிக்கும். மீதி நீளம் முழுவதும் உள்ளே தொங்கும். அந்த உள்முனையில் இரண்டு புரதங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும்: கீ-ஏ, கீ-டபிள்யூ. கீ-ஏ ஒரு நொதி. பாஸ்பேட்டை எடுத்துக் கீ-ஒய் என்ற சிறு புரதத்தின் மேல் ஏற்றுவது அதன் வேலை. பாஸ்பேட் ஏறிய கீ-ஒய் உயிரணுவுக்குள் மிதந்து போய் மோட்டாரில் ஒட்டும், மோட்டார் வலஞ்சுழிக்கு மாறும், பாக்டீரியா புரளும். கீ-இசட் என்ற இன்னொரு புரதம் அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிக்கொண்டே இருப்பதால் செய்தி தேங்கி நிற்பதில்லை.

உணவு மூலக்கூறு ஏற்பியில் வந்து ஒட்டியதும் கீ-ஏ அடங்கிவிடும். பாஸ்பேட் ஏறிய கீ-ஒய் குறையும், புரளல் தள்ளிப்போகும், ஓட்டம் நீளும். இந்த இடத்தில்தான் படிக்கிற பிள்ளைகள் பலரும் தடுமாறுவார்கள். உணவு வந்தால் செய்தி கூடும் என்றுதான் மனம் எதிர்பார்க்கும், ஈ.கோலியில் உணவு வந்தால் செய்தி குறைகிறது. எல்லாப் பாக்டீரியாவும் இப்படி இல்லை. பேசிலஸ் சப்டிலிஸில் உணவு ஒட்டியதும் கீ-ஏ முடுக்கம் பெறும், மோட்டாரின் கணக்கும் அதற்கேற்ப மாறியிருக்கும்.

இதுவரை சொன்னது புரதங்களின் பட்டியல். இவை எங்கே, எப்படி நிற்கின்றன என்பதுதான் அடுத்த கேள்வி.

எல்லாம் முனைகளில்

ஏற்பிகள் உயிரணுவின் மேற்பரப்பு முழுவதும் பரவிக் கிடக்கும் என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தார்கள். அப்படி நினைக்க நல்ல காரணமும் இருந்தது. 1977-இல் பெர்க்கும் எட்வர்ட் பர்செலும் போட்ட கணக்கு ஒன்று உண்டு. ஏற்பிகள் மேற்பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடத்தைத்தான் அடைத்துக்கொள்கின்றன என்றாலும், அவை நன்றாகச் சிதறியிருந்தால், முழு மேற்பரப்பும் ஏற்பியாக இருந்தால் பிடிக்கக்கூடிய மூலக்கூறுகளில் பாதியைப் பிடித்துவிடும். மூலக்கூறு ஒரு தடவை தவறினாலும் அங்கேயே அலைந்து பலமுறை மோதும் என்பதே காரணம். ஆகவே சிதறல்தான் சிக்கனம்.

1993-இல் ஜானின் மேடக்கும் லூசி ஷப்பிரோவும் ஈ.கோலிக்குள் ஏற்பிகள் எங்கே இருக்கின்றன என்று நேராகப் பார்த்தார்கள். கணக்கு சொன்னதற்கு மாறாக, ஏற்பிகள் உயிரணுவின் முனைகளில் கூட்டமாகக் குவிந்திருந்தன. கூடவே கீ-ஏயும் கீ-டபிள்யூவும் அங்கேயே.

முனையில் இருப்பதால் முன்னால் வருவதை உணர வசதி என்று நினைத்துவிடக் கூடாது. ஈ.கோலிக்கு நிலையான முன்பக்கம் கிடையாது. புரண்டு எழுந்தபின் எந்த முனை முன்னால் அமைகிறதோ அதுவே முன். தவிர, அது காலத்தில்தான் ஒப்பிடுகிறது என்று பார்த்தோமே. அப்படியானால் மூலக்கூறு பிடிப்பதில் நட்டப்பட்டு, இப்படிக் கூடி நிற்பதன் லாபம் என்ன?

விடை அந்தக் கூட்டத்தின் உள்ளமைப்பில் இருந்தது. முதலில், இரண்டு ஏற்பிகள் முறுக்கிக்கொண்டு ஓர் இணையாகின்றன. 1999-இல் டிஎஸ்ஆர் ஏற்பியின் உட்பகுதியைப் படிகமாக்கிப் பார்த்தபோது, மூன்று இணைகள் நுனியில் ஒன்றோடொன்று சாய்ந்து ஒரு மும்மையாக நிற்பது தெரிந்தது. அப்புறம், உயிரணுவை நொடியில் உறையவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பல கோணங்களில் படம் எடுத்துச் சேர்க்கும் முறை வந்தது. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் கிராண்ட் ஜென்சன் குழுவில் அரியான் பிரீகலும் மற்றவர்களும் 2009-இல் பல வேறு பாக்டீரியாக்களை இப்படிப் பார்த்து, எல்லாவற்றிலும் ஒரே ஒழுங்கைக் கண்டார்கள்: அறுகோணங்களாகப் பின்னிய ஒரு தளம், ஓர் அறுகோணத்தின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு சுமார் 12 நானோமீட்டர். உறவில் வெகுதூரம் விலகிய பாக்டீரியாக்களிலும் இந்த அளவு மாறவில்லை.

இந்த ஒழுங்கைப் புரிந்துகொள்ள நமக்குப் படம் தேவையே இல்லை. தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் வாசலில் போடும் இடுக்குப்புள்ளிக் கோலத்தை எண்ணிப் பாருங்கள். நடு வரிசையில் 15 புள்ளி. மேலும் கீழும் இரண்டு புள்ளிகளின் இடுக்கில் அடுத்த வரிசையின் புள்ளி. ஒவ்வொன்றாகக் குறைந்து 8-இல் நிற்கும். மொத்தம் 169 புள்ளிகள். ஓரத்தை விட்டுவிட்டால், எந்தப் புள்ளியை எடுத்தாலும் சுற்றிலும் ஒரே தூரத்தில் ஆறு புள்ளிகள் இருக்கும். இப்போது ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி ஓர் அறுகோணம் வரையுங்கள். பக்கத்துப் பக்கத்து அறுகோணங்கள் கோட்டைப் பகிர்ந்துகொள்ளும். கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு மூலையிலும் ஒரு மும்மை நிற்கிறது. புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே 12 நானோமீட்டர். உள்முனைகளின் மட்டத்தில் கீ-ஏயின் ஒரு பகுதியும் கீ-டபிள்யூவும் மாறி மாறிச் சேர்ந்து வளையங்களாகி, மும்மைகளைத் தம்முள் கோத்துவிடுகின்றன. 2012-இல் இந்த வளையங்களின் அமைப்பு தெளிவாக வெளிவந்தது.

கோலத்தை வைத்தே கணக்கும் போடலாம். ஒவ்வோர் அறுகோணத்துக்கும் ஆறு மூலை, ஒவ்வொரு மூலையையும் மூன்று அறுகோணங்கள் பகிர்கின்றன. ஆக ஒரு புள்ளிக்கு இரண்டு மும்மை. 169 புள்ளிக்கு 338, ஓரங்களையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். மும்மைக்கு மூன்று இணை, இணைக்கு இரண்டு ஏற்பி. 2,000 ஏற்பிகளைத் தாண்டிவிட்டது. அகலமோ 180 நானோமீட்டர்தான்! ஓர் ஈ.கோலியில் பல ஆயிரம் ஏற்பிகள் உண்டு, அதன் பெரிய தளங்கள் 200 நானோமீட்டர் அகலத்துக்கும் இருக்கும் என்பதைப் பார்த்தால், நம் 15 புள்ளிக் கோலம் உண்மையான அளவுக்கு மிக அருகே வந்துவிடுகிறது.

கோத்து நிற்பதன் பலன்

1998-இல் டென்னிஸ் பிரேயும் கூட்டாளிகளும் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். ஓர் ஏற்பியில் உணவு ஒட்டினால் அதன் நிலை மாறுகிறது. அந்த மாற்றம் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்து ஏற்பிகளுக்கும் பரவினால்? ஒட்டியது ஒரு மூலக்கூறுதான் என்றாலும் பல கீ-ஏக்கள் சேர்ந்து அடங்கும். சின்னச் செய்தி பெரிதாகிவிடும்.

2002-இல் விக்டர் சோர்ஜிக்கும் பெர்க்கும் உயிருள்ள பாக்டீரியாவுக்குள் ஒளிரும் புரதங்களை வைத்து இதை அளந்தார்கள். உணவு ஒட்டிய ஏற்பிகளின் பங்கு எவ்வளவு மாறியதோ, கீ-ஏயின் வேகம் அதைப்போல சுமார் 35 மடங்கு மாறியது. நூற்றில் ஓர் ஏற்பியில் வந்த மாற்றம், செய்தியில் மூன்றில் ஒரு பங்கை அசைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு மேல் மோட்டாரும் தன் பங்குக்குக் கூர்மையானது: கீ-ஒய் கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ சுழலும் திசை பெரிதாக மாறிவிடும் என்று 2000-இல் அளந்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்து, ஈ.கோலியால் அஸ்பார்ட்டேட்டை 3 நானோமோலார் அளவிலேயே உணர முடிகிறது. அதன் உடம்பு அளவுள்ள தண்ணீரில் அந்த அஸ்பார்ட்டேட்டை எண்ணினால் இரண்டு மூன்று மூலக்கூறுதான் தேறும். இதை எழுதும்போதுகூட எனக்கு மலைப்பாக இருக்கிறது.

பெருக்கம் வருவது கோப்பினால்தானா, வேறு எதனாலுமா என்று யாரும் கேட்கலாம். 2016-இல் ஜான் பார்க்கின்சன், ஆடி வாக்னின் குழுக்கள் இதைச் சோதித்தன. மும்மைகளும் கீ-ஏயும் சேர்ந்த சிறு அலகுகளைக் கெடுக்காமல், அந்த அலகுகளை ஒன்றோடொன்று கோக்கும் இடத்தை மட்டும் மாற்றினார்கள். அலகுகள் தனித்தனியாக உணர்ந்தன, செய்தியும் அனுப்பின. அந்தக் கூர்மை மட்டும் பெருமளவு போய்விட்டது. எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

இன்னொரு பலனும் உண்டு. ஒரே மும்மையில் டார், டிஎஸ்ஆர், டிஆர்ஜி எல்லாம் கலந்து நிற்கலாம். எண்ணிக்கையில் குறைந்த டிஆர்ஜியில் ரைபோஸ் ஒட்டினாலும், பக்கத்தில் நிற்கும் பெரும்பான்மை ஏற்பிகளின் கீ-ஏயும் சேர்ந்து அசையும். சிறுபான்மை ஏற்பிக்கும் முழுத் தளத்தின் பலம் கிடைக்கிறது. செரின் கூடி, அஸ்பார்ட்டேட் குறைந்து, ஆக்சிஜன் மாறாமல் இருந்தால், அந்தக் கூட்டல் கழித்தலும் இதே தளத்தில் நடந்து, ஒரே விடையாக மோட்டாருக்குப் போகிறது.

நினைவும் அங்கேயே

உணவு ஒட்டியதும் கீ-ஏ அடங்கி, அப்படியே அடங்கிக் கிடந்தால் பாக்டீரியா நேராக ஓடிக்கொண்டே இருக்கும். மேலும் கூடுகிறதா என்று தெரியாது. அதனால் ஏற்பி தன்னைத் திரும்பச் சீர்செய்துகொள்கிறது. ஒவ்வோர் ஏற்பியின் உட்பகுதியிலும் முக்கியமாக நான்கு இடங்களில் மெத்தில் என்ற சிறு வேதிக்கூறை ஏற்றலாம், இறக்கலாம். கீ-ஆர் ஏற்றும், கீ-பி இறக்கும். மெத்தில் ஏறினால், உணவு ஒட்டியிருந்தாலும் கீ-ஏ மீண்டும் பழைய வேகத்துக்கு வரும். கீ-ஏ மிஞ்சி ஓடினால் அது கீ-பியின் மேலும் பாஸ்பேட் ஏற்றி முடுக்கும். கீ-பி மெத்திலை இறக்க, வேகம் தணியும். ஏற்பி உணவைப் பிடிப்பது உடனே நடப்பது; மெத்தில் ஏறி இறங்குவது மெதுவாக நடப்பது. இந்தத் தாமதம்தான் நினைவு. எத்தனை மெத்தில் ஏறியிருக்கிறது என்பதே சற்று முன் உணவு எவ்வளவு இருந்தது என்ற பதிவு. இதனால் செறிவு ஒரு லட்சம் மடங்கு மாறினாலும் ஈ.கோலி உணர்வை இழப்பதில்லை.

இங்கேயும் கூடி நிற்பது உதவுகிறது. டார், டிஎஸ்ஆர் இரண்டின் நுனியிலும் கீ-ஆர் வந்து பற்றிக்கொள்ள ஒரு சிறு வால் உண்டு. டிஆர்ஜிக்கும் டாப்புக்கும் அந்த வால் இல்லை. டாரின் வாலைப் பற்றிக்கொண்ட கீ-ஆர், எட்டும் தூரத்தில் நிற்கும் டிஆர்ஜிக்கும் மெத்தில் ஏற்றிவிடுகிறது. பக்கத்தில் டார் இல்லாவிட்டால் டிஆர்ஜியின் நினைவு மிக மந்தமாகிவிடும்.

யார் அடுக்குகிறார்கள்?

ஈ.கோலியில் யாரும் அடுக்குவதில்லை. புதிதாக உண்டான ஏற்பிகள் சவ்வில் அலைந்து திரிந்து, இருக்கும் தளத்தில் போய்ச் சேர்கின்றன. வழியில் தமக்குள் கூடினால் புதிய சிறு தளம் உருவாகும். 2009-இல் ஒற்றை மூலக்கூறுகளையே பார்க்கும் நுண்ணோக்கியால் ஏற்பிகளின் இடங்களைக் குறித்தபோது, தளங்களின் அளவும் இடமும் இப்படித் தானாகச் சேரும் கணக்கோடு பொருந்தின. உயிரணு இரண்டாகப் பிரியும்போது பக்கவாட்டில் இருந்த சிறு தளங்கள் வளர்ந்து, தலைமுறை தாண்டிப் புதிய முனைகளில் அமைந்துவிடுகின்றன.

காலரா கிருமி அப்படி விட்டுவைப்பதில்லை. தளத்தை முனையில் பிடித்து நிறுத்தவே தனிப் புரதங்கள் வைத்திருக்கிறது. ரோடோபாக்டர் ஸ்பெராய்டிஸ் என்ற பாக்டீரியாவில் சவ்வில் ஒரு தளம், உயிரணுவின் நடுவே சவ்வைத் தொடாமல் மிதக்கும் இன்னொரு தளம். பிரியும்போது இரு பிள்ளை உயிரணுக்களுக்கும் ஒவ்வொரு மிதக்கும் தளம் கிடைக்கும்படி பிரித்துவைக்கவும் அதற்கு ஒரு புரதம் உண்டு. இடம் மாறினாலும் 12 நானோமீட்டர் அறுகோணம் மாறவில்லை.

நம் தோட்டங்களுக்கு நேராகப் பயன்படும் பக்கமும் இதற்கு உண்டு. ரப்பரும் செம்பனையும் இளங்கன்றாக இருக்கும்போது மண்ணை மூடப் பயற்றுக் கொடி விடுவார்கள். அந்தக் கொடியைப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் பிளந்து பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துத் தரும் ரைசோபியப் பாக்டீரியாக்கள் குடியிருக்கும் இடம் அது. அவையும் வேர்க் கசிவை உணர்ந்து நீந்தி வருபவைதான். குதிரைமசால் வேரில் குடியேறும் சைனோரைசோபியத்துக்கு எட்டு வகை ஏற்பிகள். அமினோ அமிலங்களுக்கு ஒன்று, கரிம அமிலங்களுக்கு ஒன்று என்று வேலையைப் பிரித்துக்கொள்கின்றன. தக்காளியை வாட்டும் கிருமியும் கொடிக்கு உரமூட்டும் கிருமியும் வேரைத் தேடி வருவது ஒரே வகைப் புரதங்களைக் கொண்டுதான்.

படிவம் ஆறில் உயிரியல் எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. ஆசிரியர் துணையோடு, பள்ளி ஆய்வகத்துக்கு ஏற்ற தீங்கில்லாத ஈ.கோலி வகை கிடைத்தால், இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வழக்கமான அகார் தட்டில் 1.5 விழுக்காடு அகார் சேர்ப்பார்கள். அதைச் சுமார் 0.3 விழுக்காடாகக் குறைத்து, டிரிப்டோன் (செரின், அஸ்பார்ட்டேட் போன்ற அமினோ அமிலங்கள் உள்ள ஊட்டப்பொருள்) கலந்து ஊற்றினால், பாக்டீரியா நீந்தும் அளவுக்குத் தளர்வான கூழ் கிடைக்கும். நடுவில் ஒரு சொட்டுப் பாக்டீரியா விட்டு, 30 டிகிரி வெப்பத்தில் அசைக்காமல் வையுங்கள். நடுவிலிருந்து வட்டங்கள் விரியும். வெளிவட்டம் செரினைத் தின்று தீர்த்து, இன்னும் செரின் இருக்கும் பக்கம் போகும் கூட்டம். அதற்கு உள்வட்டம் அஸ்பார்ட்டேட்டைத் துரத்துவது. டிஎஸ்ஆர் இல்லாத வகையை விட்டால் வெளிவட்டம் வராது. கீ-ஏயோ கீ-டபிள்யூவோ இல்லாத வகையை விட்டால் எந்த வட்டமும் வராது. நடுவில் வைத்த இடத்தைச் சுற்றியே அடர்த்தியாக வளர்ந்து நிற்கும். வட்டங்களை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால்தான் நன்றாகத் தெரியும். மெல்லிய கூழ் என்பதால் தட்டைக் கவிழ்த்துவிட வேண்டாம்.